குடவோலைக்கு வெளியே

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களுக்குக் குரல் தழதழத்துவிடுகிறது. முதல் பராந்தகனின் 12வது, 14வது ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக்கொண்டது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டது, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது, அதை மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கியது. பள்ளிக்கூடப் பாடத்தில் தொடங்கிய இந்தக் காட்சி 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் ஆற்றிய உரைவரை வந்து சேர்ந்துவிட்டது. ஏதென்ஸுக்குச் சமமாக நம்மிடமும் ஒன்று இருந்ததே என்கிற நிம்மதி. இருந்தது, மறுப்பதற்கில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் குடத்துக்குள் போன ஓலைகளோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. சாசனத்தின் நீளமான பகுதி உள்ளே போகக் கூடாத ஓலைகளைப் பற்றியது.

பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலி இறை நிலம் வேண்டும், தன் மனையில் தானே கட்டிய வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், மந்திர பிராமணம் ஓதியிருக்க வேண்டும். 1900களின் தொடக்கத்தில் வெங்கய்யாவும், 1930களில் நீலகண்ட சாஸ்திரியும் விரிவாக எழுதிவிட்டபடியால் முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கவில்லை. விலக்கப்பட்டவர்கள் பகுதிக்கு வருவோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் விலக்கு. அவனோடு அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவுமுறை ஒன்று விடாமல் விலக்கு. ஐந்து மகாபாதகங்களில் முன்னால் நிற்கும் நான்கைச் செய்தவனும், அதே முறையில் அவன் உறவினரும் விலக்கு. தர்ம சாஸ்திர வரிசையில் அந்த நான்கில் ஒன்று குடி.

அடுத்ததுதான் என்னை நிறுத்தியது. பாவம் செய்துவிட்டுப் பிராயச்சித்தம் செய்துகொண்டவனையும் சாசனம் விடவில்லை. தின்னத் தகாததைத் தின்று, அதற்குரிய சடங்கைச் செய்து சுத்தமானவன்; ஊருக்குக் கண்டகனாக இருந்து பிராயச்சித்தம் செய்தவன்; இப்படிப்பட்டவர்களின் பெயர் அவர்கள் பிராணன் உள்ள மட்டும் எந்த வாரியத்துக்கும் குடத்தில் போடப்படக் கூடாது. சுத்தமாகிவிட்டான் என்று ஒப்புக்கொண்டே கதவைச் சாத்துகிறார்கள். சபையின் தர்க்கம் புரியாமலில்லை. பொதுப் பணத்தையும் ஏரியையும் தோட்டத்தையும் ஒப்படைக்கிறோம். ஒருமுறை சறுக்கியவன் இன்னொரு முறை சறுக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆயிரத்து நூறு வருஷங்களுக்குப் பிறகும் பெண் கொடுக்கும்போதும், கடன் கொடுக்கும்போதும், வேலைக்கு எடுக்கும்போதும் ஊர் கேட்கும் கேள்வி இதுவே. ‘இப்போ நிறுத்திட்டாராம்’ என்கிற வாக்கியத்தின் அந்த ‘ஆம்’ விகுதியில் சாசனத்தின் அந்த வரி உயிரோடு இருக்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இது பிரம்மதேயத்துச் சபை. மரம் ஏறிக் கள் இறக்கியவனும், வயலில் இறங்கியவனும், மாலையில் அதைக் குடித்தவனும் குடத்தின் பக்கமே வந்திருக்க முடியாது. ஆகவே வெளியே நின்றவர்கள் இரண்டு வகை. பெயர் எழுதப்படவே வாய்ப்பில்லாதவர்கள், எழுதப்பட்டு அடிக்கப்பட்டவர்கள். பின்னால் வந்த மதுவிலக்குச் சரித்திரத்திலும் இந்த இரண்டு வகையும் குழம்பிக்கொண்டே இருக்கும். தமிழில் குடி என்றால் குடும்பம், குலம், பிரஜை, ஊர், குடிப்பதும் அதுதான். மொழியின் வேடிக்கை, அவ்வளவுதான், இதில் தத்துவம் எதுவும் தேட வேண்டாம்.

இனி ஒரு பெரிய தாவல். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம், ஒரு ஹோட்டல் முகப்புக் கூடம. நியூயார்க்கிலிருந்து வியாபாரச் சண்டை ஒன்றுக்காக வந்து தோற்றுப்போன பங்குச் சந்தைத் தரகர் ஒருவர் அங்கே நிற்கிறார். பெயர் பில் வில்ஸன். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் டெலிபோனை எடுத்து ஒரு பாதிரியாரிடம் கேட்டது விசித்திரமான கேள்வி. என்னைக் காப்பாற்ற யாராவது உண்டா என்று அல்ல; நான் போய்ப் பேசுவதற்கு இந்த ஊரில் இன்னொரு குடிகாரன் கிடைப்பானா என்று. பத்துப் பெயர்கள் கிடைத்தன, ஒவ்வொன்றாகச் சுற்றிக் கடைசியில் ஒரு பெண்மணியின் வீட்டில் மே 12ந் தேதி மாலை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரின் எதிரே போய் உட்கார்ந்தார். கால்மணி நேரம் என்று நிபந்தனை போட்டு வந்த டாக்டர் இரவு பதினொன்றுக்கு மேல்தான் எழுந்தார். குடியின் தீமைகளை வந்தவர் எடுத்துச் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாத தீமையா? வந்தவர் தன் கதையைச் சொன்னார். டாக்டருக்கு அது தன் கதையாகக் கேட்டது. ஜூன் 10ந் தேதி டாக்டர் கடைசியாகக் குடித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பிறகு பெயர் பெற்ற சங்கம் தன் பிறந்த நாளாக அந்தத் தேதியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டம் ஒன்றைத் தேடி அலைந்த முதல் மனிதர் என்று பில் வில்ஸனைச் சொல்லலாம். தேடியபோது கூட்டம் இல்லை. தேடியதால் இரண்டு பேர் ஆனார்கள், இரண்டு பேர் ஆனதும் அது கூட்டமாயிற்று.

முன்னோடி இல்லாமல் இல்லை. 1840 ஏப்ரலில் பால்டிமோரில் ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறு குடிகாரர்கள் இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டுக்கொண்டு வாஷிங்டன் சங்கத்தை ஆரம்பித்தார்கள். பிரசங்கியார் இல்லை, தங்கள் அனுபவத்தைத் தாங்களே சொல்லிக்கொள்வது மட்டும். ஆச்சரியமான வேகத்தில் லட்சக்கணக்கில் பரவிற்று, பத்து வருஷத்துக்குள் அனேகமாக மறைந்தும் போயிற்று. மேடைப் பேச்சாளர்கள் உள்ளே புகுந்தார்கள், மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா கூடாதா என்கிற சண்டை புகுந்தது, குடிக்காதவர்களே சங்கத்தில் பெரும்பான்மையானார்கள். ஆக்ரன்காரர்கள் இந்தச் சரித்திரத்தைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள், ஆனால் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். 1950ல் க்ளீவ்லாண்ட் மாநாட்டில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் அந்தப் பாடம் இருக்கிறது. வெளி விவகாரம் எதிலும் சங்கத்துக்குக் கருத்துக் கிடையாது, மதுவிலக்கு உட்பட. வெளியார் பணம் வாங்குவதில்லை. ஊடகத்தின் முன் உறுப்பினர் பெயரோ முகமோ கிடையாது. சேருவதற்குத் தகுதி ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்கிற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இதை உத்திரமேரூர்ச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே சறுக்கல் ஆயுட்காலத் தடை; இங்கே சறுக்கல்தான் நுழைவுச் சீட்டு. அங்கே நிலம், மனை, வேதம், வயது. இங்கே ஒரு ஆசை. அங்கே குற்றவாளியின் உறவினரும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். இங்கே 1951ல் வில்ஸனின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் குடிகாரர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள், தண்டனையை ஏற்கெனவே அனுபவித்தவர்கள் அவர்கள் என்பதால்.

எதிரெதிராக நிறுத்திவிட்டுப் போய்விடவும் முடியாது, ஒற்றுமைகளும் உண்டு. வாரியப் பதவி 360 நாள். முடிந்ததும் இறங்க வேண்டும். மூன்று வருஷங்களுக்குள் மறுபடி பெயர் எழுதக் கூடாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸிலும் பொறுப்புகள் சுழற்சிதான், யாரும் நாற்காலியில் வேர் விடக் கூடாது. இன்னும் வேடிக்கை ஒன்று. அவர்களுடைய பிரதிநிதித் தேர்தலில் பல சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகும் யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காவிட்டால், மிஞ்சியவர்களின் பெயரைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். பராந்தகன் காலத்துச் சபையாருக்கு அந்தத் தொப்பி புரிந்திருக்கும். அதில் கிடக்கும் பெயர்களைப் படித்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பார்கள்.

சரித்திரக்காரனுக்கு இந்தச் சங்கம் ஒரு தொல்லை. உத்திரமேரூர்ச் சபை எல்லாவற்றையும் கல்லில் எழுதிற்று. ராஜ ஆணையோடு வந்து நின்ற அதிகாரியின் ஊரும் பேரும்கூட நமக்குத் தெரியும். இந்தச் சபையோ கொள்கை காரணமாகவே யார் வந்தார், யார் போனார் என்று எழுதுவதில்லை. 1957ல் இந்தியாவுக்கு வந்தது. டெல்லியில் இருந்த கனடாக்காரர் ஒருவர், பம்பாயில் நிறுத்த விரும்பிய ஒருவர் என்று கதை தொடங்குகிறது. முதல் பெயரும் ஓர் எழுத்தும்தான் மிச்சம். பம்பாயிலிருந்து மற்ற நகரங்களுக்குப் பரவியது. இந்தியாவுக்கான பொதுச் சேவை அலுவலகமும் அங்கே பைகுல்லாவில்தான். சர்ச்சுக் கூடம், பள்ளி வகுப்பறை, ஆஸ்பத்திரியின் பின்கட்டு என்று இரவல் இடங்கள். இரவல் இடத்துச் சபைக்குச் சுவர் ஏது?

இதே காலத்தில் தமிழ்நாட்டில் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் தலை சுற்றும். 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல், பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தது. 1929ல் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்கென்றே நடத்திய ‘விமோசனம்’, அதில் கூடவே உழைத்த கல்கி. (பத்து இதழ்கள் வந்தன. நம் பத்திரிகைகளின் ஆயுளோடு ஒப்பிட்டால் மோசமில்லை.) 1937 அக்டோபர் 1 சேலத்தில் மதுவிலக்கு. 1948 அக்டோபர் 2 மாகாணம் முழுவதும். 1971 ஆகஸ்டில் தளர்த்தல், 1974ல் மறுபடி கட்டல், 1981ல் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் திறப்பு, 1983ல் டாஸ்மாக் பிறப்பு, 1987ல் சாராயமும் கள்ளும் நிறுத்தம், 1990ல் மலிவு மது, 1991ல் அதற்கும் முடிவு, 2003 நவம்பரில் அரசாங்கமே கல்லாவில் உட்கார்ந்தது. 2023–24ல் டாஸ்மாக் வழியாக வரியாக வந்தது 45,855 கோடி ரூபாய்.

இந்த ஊசலாட்டத்தில் குடிப்பவன் இரண்டு வேஷம்தான் போட முடிந்தது. கடை மூடியிருக்கும்போது குற்றவாளி, திறந்திருக்கும்போது வாடிக்கையாளன். சட்டம் அவனைச் சிறையில் வைக்கத் தெரிந்துகொண்டது, கடை அவனிடம் வாங்கத் தெரிந்துகொண்டது. அவனே வாய் திறந்து பேசக்கூடும், அவன் பேச்சு இன்னொருவனுக்கு மருந்தாகக்கூடும் என்ற எண்ணம் மதுவிலக்குவாதிகளுக்கும் வரவில்லை, எதிர்ப்பக்கத்தாருக்கும் வரவில்லை. நம் இலக்கியக்காரர்களின் நிலையும் இதைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். குடியைக் கலகம் என்றோம், படைப்பு வேகம் என்றோம். ஈரல் கெட்டுச் செத்தவனுக்கு நினைவு மலர் போட்டோம்.

சென்னையில் 1980ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கிற்று. குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து ஆரம்பித்தது. அடையாறு பக்கத்து டி.டி.கே. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. குடி ஒரு நோய், சிகிச்சைக்குப் பின்னும் சக நோயாளிகளின் துணை வேண்டும் என்கிற பேச்சு இங்கே காலூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு. என் விஷயத்துக்கு முக்கியமானது அவர்கள் 1980களின் இறுதியில் பழைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் தொடங்கிய கிராம முகாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி, பதினைந்து நாள் ஊரிலேயே தங்கவைத்து, வீட்டாரையும் அழைத்துப் பேசி, பிறகு மாதா மாதம் போய்ப் பார்ப்பது. இடமும் சாப்பாடும் உள்ளூர்ப் பொறுப்பு. நகரத்தில் பெயரை மறைப்பதுதான் பாதுகாப்பு. கிராமத்தில் மறைப்பதற்கு ஏதுமில்லை. யார் எந்த மரத்தடியில் விழுந்து கிடந்தான் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். ஆக, மறைக்க முடியாததையே முகாம் மூலதனமாக்கிக்கொண்டது. விழுந்ததைப் பார்த்த ஊர் எழுந்ததையும் பார்க்கட்டும்.

அனாமதேயம் என்ற சொல்லைத் தமிழ்க் கிராமத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவன் ‘நான் ஜான்’ என்று சொன்னால் அவன் வெறும் ஜான். இங்கே பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பாதி ஜாதகம் வந்துவிடும். மீதியை எந்தத் தெரு என்ற கேள்வி கொண்டுவந்துவிடும். ஊர்க்காரனும் காலனிக்காரனும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் சரிசமமாக உட்கார்வது என்பது குடியை விடுவதைவிடக் கடினமான காரியமாகச் சில ஊர்களில் இருக்கக்கூடும். டாஸ்மாக் வாசலில் அந்தச் சமத்துவம் சிரமமில்லாமல் சாத்தியமாகிறது என்று சிலர் சொல்வார்கள். அது மயக்கம். கடையில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை; கூட்டத்தில் பார்த்தே ஆக வேண்டும். பெண் குடிநோயாளியின் சங்கதியோ இதற்கும் அப்பால். அவள் குடும்பம் அவளுக்காகப் போட்டுவைத்திருக்கும் குடத்தில் ஓலையே கிடையாது.

இன்றைக்கு உத்திரமேரூரில் ஒருவர் நிறுத்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெசவுக்காரராக இருக்கலாம், நெல் விவசாயியாக இருக்கலாம், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகிறவராக இருக்கலாம். பல வருஷமாகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது வீரம் இல்லை, ஆபத்து. கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரும் போகலாம். ஆகவே முதலில் டாக்டர். உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு. 14446 என்று மத்திய அரசின் போதைமீட்புத் தொலைபேசி உதவியும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடியபோது இந்தப் பாடத்தை அரசாங்கமே படித்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் வார்னிஷைக் கலந்து குடித்து மூன்று பேர் செத்தார்கள். மே மாதம் கடையைத் திறக்கலாமா கூடாதா என்று கோர்ட்டுகளில் நடந்த வழக்கின் சத்தத்தில் சிகிச்சை என்ற சொல் எழும்பவே இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் மதுராந்தகம் பக்கத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சரக்கில் 20 பேருக்கு மேல் போனபோதும், அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேல் போனபோதும் நிவாரணத் தொகையும் இடமாற்றங்களும்தான் செய்தி.

டாக்டருக்குப் பிறகு கூட்டம். பட்டியல்கள் சென்னையைச் சுற்றியும் பெரிய ஊர்களைச் சுற்றியுமே அடர்ந்திருக்கின்றன. உத்திரமேரூர்க்காரர் பஸ் ஏற வேண்டும். காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர், சென்னை அதைப்போல் மூன்று மடங்கு. கூட்டத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் பஸ்ஸுக்கு உண்டு, இழந்த அரைநாள் கூலிக்கு உண்டு. திரும்பும் வழியில் கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு லாபம் உண்டு: முகம் தெரியாத ஊரில் வாய் திறப்பது சுலபம். ஊரடங்குக் காலத்தில் போன் திரையிலேயே கூட்டங்கள் நடக்க ஆரம்பித்தன, அது நின்றுவிடவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு தமிழிலேயே கேட்கலாம். முழுசாக ஈடாகுமா என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உடம்பின் மௌனம் போனில் வராது. ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்துப் பார்த்து, முழுதாகக் குடியை விட்டிருப்பதில் இந்தப் பன்னிரண்டு படி வழி மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளுக்கு ஈடாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ நிற்கிறது என்று சொல்லிற்று. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தமில்லை. கடவுள் பேச்சு அதிகம் என்று நம் பகுத்தறிவு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சண்டை 1939ல் வெளிவந்த அவர்கள் புத்தகத்தை எழுதும்போதே உள்ளிருந்த நாத்திகர்களால் போடப்பட்டது. அவரவர் புரிந்துகொண்ட வகையில் கடவுள் என்று சொல்லைத் தளர்த்திய பிறகுதான் புத்தகம் அச்சுக்குப் போயிற்று. இந்தத் தளர்த்தல் போதாதென்பவர்களுக்கு மருத்துவமனைகளின் குழு ஆலோசனை இருக்கிறது, அதற்குக் கடவுள் தேவையில்லை.

மூன்றாவது வழி ஒன்றுண்டு, பஸ் ஏறிப் போய்வந்த ஆளுக்குத்தான் அது திறக்கும். ஒரு குழு ஆரம்பிக்கப் பதிவு வேண்டாம், அனுமதி வேண்டாம், கால் வேலி நிலம் வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குப் பூட்டாத அறை ஒன்று, ஒரு பிளாஸ்க் டீ, இன்னொரு ஆள். ஆக்ரனில் பத்து டெலிபோன் பெயர்களைச் சுற்ற வேண்டியிருந்தது. உத்திரமேரூரில் அந்த இன்னொரு ஆள் எந்தத் தெருவில் இருக்கிறார், எத்தனை மணிக்குக் கடைப்பக்கம் போவார் என்பது இவருக்கு ஏற்கெனவே தெரியும்.